சதீஷ் தவன் யாரையும் கேள்வி கேட்கவில்லையா?

தலைமைப் பண்பு பற்றி எங்கே பயிலரங்கு நடந்தாலும் அந்தக் கதை வந்துவிடுகிறது. 1979-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பழியைத் தானே ஏற்றுப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். மறு ஆண்டு வெற்றி கிடைத்ததும் திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். இதுவரை உண்மை. இதோடு ஒட்டவைக்கும் வால்தான் பொய்: ‘தவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல தலைவர் கேட்கவும் மாட்டார்.’

கேட்கவில்லை என்று யார் சொன்னது? ராக்கெட் விழுந்தது ஆகஸ்ட் 10. மறுநாளே 70-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு குழு காரணத்தை ஆணிவேர் வரை தோண்டியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் பெருமளவு கசிந்துபோயிருந்தது. புறப்பட 8 நிமிடம் இருந்தபோது திறந்த சோலினாய்டு வால்வில் அழுக்குச் சிக்கி, வால்வு மூடாமலே நின்றுவிட்டது. கசிவு கவுண்ட்டவுனிலேயே தெரிந்திருந்தது. அதைச் சிறிய விஷயம் என்று எடைபோட்டது தன் பொறுப்பு என்று, தவன் தலைமையில் நடந்த கூட்டத்தில் கலாமே எழுந்து சொன்னார். கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இது விவரமாக இருக்கிறது. மேடையேறுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வெளியே குழுவுக்கு அரணாக நின்ற தவன், உள்ளே கணக்குக் கேட்டார். கேட்ட கையோடு கலாமைத் தூக்கி எறியவில்லை. திட்டம் அவரிடமே இருந்தது. 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. இந்தக் கதையில் பாதியை வெட்டிவிட்டுப் பரப்புவது இருவருக்குமே மரியாதை அல்ல.

சந்திரயான்-2 விஷயத்திலும் இதேதான். 2019-ல் லேண்டர் நிலவில் பத்திரமாக இறங்காதபோது, அன்றைய இஸ்ரோ தலைவர் சிவனைப் பிரதமர் அணைத்துத் தேற்றிய காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. லேண்டரின் 5 இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தியதையும், இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான் என்பதையும் பின்னால் வந்த தலைவர் சோம்நாத் ஒளிக்காமல் சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த முறை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஒதுக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் லேண்டர் பத்திரமாக இறங்கியது.

பொய்யான வாலால் வரும் சேதம் பட்டறையில் தெரியும். துளை அளவு தப்பிய பீஸைப் பார்த்து, “பரவாயில்லப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று சூப்பர்வைசர் நகர்ந்துவிட்டால், ஃபிக்ஸ்சருக்கு அடியில் சிக்கிய பிசிறு அங்கேயே கிடக்கும். அடுத்த ஷிஃப்டிலும் ரிஜெக்ட் விழும். “எந்தப் பீஸ்லேர்ந்து தப்பிச்சு தம்பி?” என்று கேட்டிருந்தால், “பத்து மணிக்கு மேலண்ணே, துடைக்காம மாட்டிட்டேன்” என்று பதில் வந்திருக்கும். கேட்காமல் விட்டது பொறுமை அல்ல, அசட்டை. ஒழுங்காக வேலை செய்கிற பக்கத்து மிஷின்காரருக்கு அது அநியாயமும்கூட.

தவறைக் கையாள்வது பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். ‘பயம் இருந்தால்தான் வேலை ஓடும்’ என்பது தவறு. தவறு மறைக்கப்படாமல் வெளியே வரவே, அமெரிக்க விமானத் துறையில் தெரியாமல் விதி மீறியவர் 10 நாளுக்குள் நாசாவிடம் எழுதிக் கொடுத்தால் பொதுவாக அபராதமோ உரிம நிறுத்தமோ கிடையாது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. ‘அதிகத் தவறு பதிவாகும் குழு மோசமான குழு’ என்பதும் தவறு. 1996-ல் எமி எட்மன்ட்சன் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

சொல்வதைப் பதிந்துவைக்க நம் பட்டறைகளில் என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம். ஆபரேட்டர் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் தமிழில் எழுத ஒரு கோடு போட்ட நோட்டு கட்டாயம் வேண்டும். என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று செய்தவர் கையாலேயே எழுதட்டும். அதற்குக் கீழே சூப்பர்வைசர் தன் பங்கு என்ன என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.