உப்புத் தண்ணீரில் கொஞ்சம் செம்பு

போன மாதம் நைட்ரஜன் சுழற்சி பாடம் நடந்தபோது, "இதை எல்லாம் எங்கே பார்க்க முடியும்?" என்று பின் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

என் மாமா சென்னையில் கடல் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். கோடை விடுமுறைக்குப் போனபோது அவர் கூடவே சுற்றினேன். ஒரு தொட்டியில் இரண்டு கோமாளி மீன், ஒரு கடற்சாமந்தி, நான்கு இறால், சில நத்தைகள். கடற்சாமந்தி பூ இல்லை, விலங்கு! பவளத்துக்குச் சொந்தக்காரி. உள்ளே இருந்த பாறை மட்டும் பீங்கானில் செய்தது. "நிஜப் பவளம் ஏன் வைக்கல மாமா?" என்று கேட்டேன். பாறை கட்டும் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், கடலில் இருந்து எடுப்பது குற்றம் என்றார்.

என்ன நடந்தது?

ஒரு நாள் காலையில் போனால் தண்ணீர் ஓடவில்லை. மேலே எண்ணெய் மாதிரி பளபளப்பு. இரண்டு இறால் செத்துக் கிடந்தன. கடற்சாமந்தி சுருங்கி ஒரு எலுமிச்சம்பழம் அளவு ஆகியிருந்தது. உள்ளே மூழ்கியிருந்த மோட்டாரின் உறை வெடித்து, உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது.

செம்பு கெட்டதா? நம் வீட்டில் செம்புக் குடத்தில் தண்ணீர் வைக்கிறோமே! இறாலின் ரத்தத்திலேயே செம்பு இருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் ரத்தத்தில் செம்பு செய்கிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தே போடுவார்கள். மீன் தாங்கும். அதே அளவு செம்பில் இறால், நத்தை, கடற்சாமந்தி, பவளம் எல்லாம் செத்துவிடும். அதனால்தான் முதலில் இறால் போனது.

முதலுதவி: வரிசை முக்கியம்

1. நான் ஓடிப்போய் இறாலை எடுக்கக் கை நீட்டினேன். மாமா கத்தினார், "கை வைக்காத பாப்பா!" சுவிட்ச் போர்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அவரே கை விட்டார். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நல்ல தண்ணீரை விட மிக நன்றாகக் கடத்தும். உயிரைக் காப்பாற்றப் போய் நம் உயிரை விடக்கூடாது.

2. கெட்டுப்போன மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். அது உள்ளே இருக்கும்வரை என்ன செய்தாலும் வீண்.

3. உயிரோடு இருப்பதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாமா எப்போதும் கலந்து வைத்த உப்புத் தண்ணீர் வைத்திருப்பார். அன்று பெரிய டிரம்மில் 100 லிட்டர், சின்ன டிரம்மில் 30 லிட்டர் இருந்தது. சின்ன டிரம் தண்ணீரை ஒரு டப்பில் ஊற்றி, சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, காற்றுக் குழாய் போட்டு அதில் விட்டார். கடற்சாமந்தியைப் பிய்க்கவில்லை, அது ஒட்டியிருந்த பாறையோடு தூக்கினார்.

4. எண்ணெய்ப் படலத்தை எடுக்க, பழைய செய்தித்தாளை மேலே பரப்பி மெல்ல இழுத்தோம். மூன்று நான்கு தாளில் பளபளப்பு போய்விட்டது.

5. வடிகட்டியில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் கரியும், செம்பைப் பிடிக்கும் ரெசினும் போட்டு, மாற்று மோட்டாரை ஓடவிட்டார்.

கணக்குப் பாடம்

இனி தண்ணீரை மாற்ற வேண்டும். தொட்டியில் 200 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆகவே 100 லிட்டருக்கு 3500 கிராம், அதாவது மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு உதவாது. அது வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் உண்டு. அதற்கென்று விற்கும் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நன்றாகக் கலங்கவிட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

பாதித் தண்ணீரை ஒரு முறை மாற்றினால் விஷம் பாதி (1/2) மிச்சம். இரண்டாம் முறை 1/4. மூன்றாம் முறை 1/8. நான் கேட்டேன், "தினம் 20 லிட்டர் வீதம் பத்து நாள் மாத்தினா மொத்தம் போயிடாதா மாமா?" போட்டுப் பார் என்றார். ஒவ்வொரு முறையும் 10-ல் 9 பங்கு மிச்சம். 9/10-ஐப் பத்து தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.35. அதாவது 200 லிட்டர் மாற்றியும் 35 சதவீதம் விஷம் அப்படியே! அதே 200 லிட்டரைப் பாதி பாதியாக இரண்டு தடவை மாற்றினால் மிச்சம் 25 சதவீதம்தான், அதுவும் சீக்கிரமாக. மூன்று நாளில் மூன்று முறை பாதி பாதி மாற்றினோம். அடுக்குக்குறி எதுக்குப் படிக்கிறோம்னு இனிமே நான் கேட்க மாட்டேன்.

நம்ம ஊர்ப் பீங்கானுக்கு அங்கே என்ன வேலை?

வடிகட்டிக்குள் கை விரல் மோதிரம் மாதிரி வெள்ளை வளையங்கள் நிறைய இருந்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பீங்கான்! என் அம்மா இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறார். அம்மா சொல்வார், "கிளேஸ் போடாம சுட்டத நாக்குல வச்சுப் பாரு, ஒட்டிக்கும். கிளேஸ் போட்டா ஒட்டாது." ஏன் என்றால், கிளேஸ் போடாத பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவை ஈரத்தை இழுக்கும். அந்தத் துளைகளில்தான் நம் பாடத்தில் வரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு இல்லை.

வளையங்கள் அழுக்காக இருக்கிறதே என்று குழாயடிக்குக் கழுவ எடுத்துப் போனேன். மாமா பிடித்து நிறுத்தினார். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதன் பிறகு செம்பில் தப்பியது அம்மோனியாவில் சாகும். உப்புத் தண்ணீரில் லேசாக அலசினால் போதும். சில நாள் தீனியையும் குறைத்து, தினமும் அம்மோனியா சோதனை செய்தார்.

ஒரு வாரம் கழித்துச் செம்புச் சோதனை செய்தால் திரும்பவும் லேசாக நிறம் வந்தது! எங்கிருந்து? பாறையின் துளைகளில் போய் ஒளிந்திருந்த செம்பு மெதுவாகத் திரும்பி வந்திருக்கிறது. பாக்டீரியாவுக்கு வீடு கொடுத்த அதே துளை விஷத்துக்கும் வீடு கொடுத்துவிட்டது. மறுபடி ஒரு முறை பாதித் தண்ணீரும் கரியும் மாற்றினோம். நிறம் வராத பிறகுதான் எல்லாரையும் தொட்டிக்குத் திருப்பி விட்டார்.

கடலை யார் மாற்றுவது?

தொட்டித் தண்ணீரை மாற்றலாம். கடல் தண்ணீரை மாற்ற முடியுமா? 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். நாங்கள் செய்தித்தாளில் செய்ததை அவர்கள் கடற்கரை முழுக்கச் செய்தார்கள்.

நம் தமிழ்நாட்டின் உண்மையான பவளத் தொட்டி மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் இரண்டு தீவுகள் இப்போது நீருக்குள். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். கடல் சூடாகி 2010, 2016, 2024 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்துப்போயின. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலுக்கு அடியில் நட்டு வளர்க்கிறது. 200 லிட்டருக்கே நாங்கள் அந்தப் பாடு பட்டோம். கடலுக்கு எவ்வளவு பாடு படவேண்டும்!

நான் சொல்லாமல் விட்டது

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மோட்டார் வெடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மாமா பார்க்காதபோது தண்ணீரில் விரல் விட்டேன். சுர்ரென்று ஒரு கூச்சம். தொடாதே என்று சொல்லியிருந்ததால், திட்டுவாரென்று பயந்து சொல்லவில்லை. அந்தக் கூச்சம் மின்கசிவு. அன்றைக்கே சொல்லியிருந்தால் இறால் செத்திருக்காது. எனக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். தொட்டி சரியான பிறகு அழுதுகொண்டே சொன்னேன். மாமா திட்டவில்லை. "தப்பு பண்ணினது கூடப் பரவால்ல, மறைச்சதுதான் தப்பு" என்றார். அடுத்த நாளே அந்த இடத்தில் கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஈ.எல்.சி.பி. கருவியைப் பொருத்தச் சொன்னார்.

நான்கில் ஒரு இறால்தான் பிழைத்தது. கடற்சாமந்தி ஒன்பதாம் நாள் டப்பில் மெதுவாக விரிந்தது. இரண்டு கோமாளி மீனும் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

தோழிகளே, எங்கேயாவது கூச்சம், புகை, வாசனை தெரிந்தால் திட்டு விழும் என்று பார்க்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்!
அ) 300 லிட்டர் கடல்நீருக்கு எத்தனை கிலோ உப்பு?
ஆ) பாதி பாதியாக ஐந்து முறை மாற்றினால் மிச்சம் எத்தனை பங்கு?
இ) கிளேஸ் போட்ட வளையம் வடிகட்டிக்கு ஏன் உதவாது?
(விடைகள் அடுத்த இதழில்)

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
விருத்தாசலம்