பத்து வயது செடான்: விலையைவிட ரிப்பேரைப் பாருங்கள்

கையில் மூன்று லட்சம் இருந்தால் இன்று சின்னக் கார்கூடப் புதிதாக வாங்க முடியாது. அதே பணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வயதான செடான் கிடைக்கும். மதுரை ஆரப்பாளையம், காளவாசல் பக்கம் அப்படித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஹோண்டா சிட்டி, மாருதி சியாஸ், ஹூண்டாய் வெர்னா, டொயோட்டா எட்டியோஸ், ஃபோக்ஸ்வேகன் வென்டோ என்ற ஐந்தில் ஒன்றில் வந்து நிற்பார்கள். பத்தாயிரம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வண்டி இழுத்துவிடக்கூடிய மிகப் பெரிய செலவு எது, அதை நம்மால் தாங்க முடியுமா? இங்கே சொல்லும் தொகைகள் வெளிப் பட்டறைகளின் தோராயக் கணக்கு. கம்பெனி சர்வீஸில் கூடும்.

முதலில் பெட்ரோலா டீசலா என்று தீர்மானியுங்கள். வாராவாரம் தேனி, கோவை என்று போய்வருகிறவருக்கே பழைய டீசல் சரிப்படும். சிம்மக்கல்லுக்கும் கோரிப்பாளையத்துக்கும் ஓட்டுகிறவருக்கு மிச்சமாகும் எரிபொருள் காசை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை விழுங்கிவிடும். நாலு இன்ஜெக்டரையும் புதிதாகப் போட்டால் 50,000 தாண்டும். புது டர்போ 30,000-க்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். பெட்ரோலுக்கும் ஒரு கவலை இருக்கிறது. 2023-க்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் ஹோஸ், ரப்பர் சீல் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வண்டியானாலும் மதுரை வெயிலில் முதலில் அடி வாங்குவது கூலிங்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை, சிவப்பு என்று கூலன்ட் நிறம் தெரிந்தால் நல்லது. துருத் தண்ணீராக இருந்தால், யாரோ போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் மாற்ற 5,000 முதல் 8,000 ஆகும். அதைத் தள்ளிப்போட்டு ஹெட் கேஸ்கெட் போய்விட்டால் 20,000-க்கு மேல். பிறகு மதியம் ஏசி போட்டு, காளவாசல் வழியாகத் தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வரை ஓட்டுங்கள். திரும்பி வந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். ஃபேன் வேலை செய்யாவிட்டாலும் ஏசி காற்று சூடானாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை சிட்டிக்குக் கட்டாயம். 2008 இறுதியில் வந்த மாடலில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. சிவப்பு விளக்கு எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே கொதித்திருக்கும். மற்றபடி அதன் 1.5 பெட்ரோல் இன்ஜின், டைமிங் செயினோடு நீண்ட நாள் உழைக்கக்கூடியது. டேப்பட் அட்ஜஸ்ட் செய்து, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். அடிப்பக்கம் தாழ்வு என்பதால் வேகத்தடையில் இடிக்கும். கிளட்ச் செட் 12,000 முதல் 15,000 வரை. 2013 அல்லது அதற்கு முந்தைய வண்டி என்றால் டகாட்டா ஏர்பேக் ரீகால் வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லி ஹோண்டா ஷோரூமில் கேளுங்கள். அந்த வேலை இலவசம், உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

ஸ்பேர்ஸுக்கு அலையாமல் இருக்க சியாஸ்தான். 2014-இல் வந்தது. 1.4 பெட்ரோல் இன்ஜின் எர்டிகாவிலும் இருந்தது. 1.3 டீசலோ ஸ்விஃப்ட், டிசையர் என்று ஊரெல்லாம் ஓடிய ஃபியட் இன்ஜின், அதைத் தெரியாத மெக்கானிக் இல்லை. ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய டீசலில் டைமிங் செயின் தளர்ந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள்.

வெர்னா டீசலின் இழுவைக்கு இந்த விலையில் ஈடு கிடையாது. ஹைவேயில் பின்பக்கம் துள்ளுவதைத்தான் சகித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டக் டக் என்றால் உடனே ரேக்கை மாற்றச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். பல நேரம் அது ஸ்டீயரிங் மோட்டாரில் இருக்கும் சில நூறு ரூபாய் ரப்பர் கப்ளிங்தான். கழற்றி மாட்டும் கூலி தனி.

எட்டியோஸில் அழகு குறைவு, உழைப்பு அதிகம். டாக்ஸியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகள் நிறைய உண்டு என்பதால் ஆர்.சி. விவரத்தை முழுக்கப் பாருங்கள். வென்டோ ஓட்டச் சுகமானது, ஆனால் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் உள்ளதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மெகட்ரானிக் போனால் லட்சத்தைத் தாண்டும். மேனுவல் டீசல் என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள்.

ஊருக்குள் ஓட்ட, என் தேர்வு பெட்ரோல் சியாஸ். விலை கட்டுப்படாவிட்டால் பெட்ரோல் சிட்டி. அதில் 2011, 2012 மாடல் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் அப்போது 5,000 ஆனது. பசுமை வரியும் எஃப்.சி.க்குத் தயார் செய்யும் வேலையும் அதற்கு மேல். அந்தத் தொகையை விற்கிறவரிடமே குறைக்கச் சொல்லுங்கள்.