கட்டுகளை அவிழ்ப்பது யார்?

வேத பாடம்: யோவான் 11:38-44



லாசருவை உயிரோடு எழுப்பியவர் ஆண்டவர். ஆனால் அவன் கை கால்களில் சுற்றியிருந்த சீலைகளை அவிழ்க்கும் வேலையை அவர் யாரிடம் கொடுத்தார்? பக்கத்தில் நின்றவர்களிடம்! இதை நான் பலமுறை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அர்த்தம் விளங்கியதோ ஒரு சம்பள நாள் சாயங்காலத்தில்தான்.

நம் சகோதரர் ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர். உபவாசக் கூட்டத்தில் கண்ணீரோடு முன்னால் வந்து, குடியை விட்டதாகச் சாட்சி சொன்னவர். அன்று எனக்குப் போன் பண்ணி, "பாஸ்டர், கடை வாசல்ல நிக்கிறேன், முடியல" என்றார். நான் போனிலேயே ஜெபித்து, "விசுவாசமா இருங்க பிரதர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு அவர் மனைவி பிள்ளைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஜெபித்தது தப்பல்ல. ஆனால் அவரைப் போலவே குடித்து மீண்ட ஒருவருடைய விலாசம் என் கையில் இல்லை. அதுதான் என் குறை.

1. ஒரு போதகரும் ஒரு போன் காலும்

1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் பட்டணம். பில் என்பவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வியாபாரக் காரியம் தோற்றுப்போய், மனம் உடைந்து ஓட்டல் முகப்பில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் டெலிபோனும் சபைகளின் பட்டியலும். பட்டியலில் இருந்த ஒரு போதகரைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றார். போதகர் சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். அந்த வழியாகவே டாக்டர் பாப் என்பவரைச் சந்தித்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) தன் ஆரம்ப நாளாக வைத்திருக்கிறது. 1957-ல் அது இந்தியாவிலும் தொடங்கியது.

கவனியுங்கள்! அந்தப் போதகர் புத்திமதியோடு நிறுத்தவில்லை, ஆளைக் காட்டினார்.

2. கூட்டத்தில் என்ன நடக்கிறது?

கட்டணம் இல்லை. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே தீர்மானம். அது எந்த மதத்தையும் சபையையும் சேர்ந்ததல்ல. "அப்போ விசுவாசி போகலாமா பாஸ்டர்?" என்று கேட்கிறீர்கள். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கை செய்யச் சொல்லுகிறதே! ஏ.ஏ.யின் ஆரம்ப நாட்களில் அவர்கள் விரும்பி வாசித்ததும் யாக்கோபின் நிருபம்தான்.

3. எப்படிக் கண்டுபிடிப்பது?

அ) ஏ.ஏ.யின் சென்னை தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் ஏரியாவைச் சொல்லுங்கள். கிழமை, நேரம், இடம் மாறக்கூடும். ஆகவே புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆ) தமிழ்க் கூட்டமா என்று கேளுங்கள். ஓப்பன் மீட்டிங் என்றால் குடும்பத்தாரும் போகலாம்.

இ) ஷிப்டுக்கும் பயணத்துக்கும் ஒத்துவருவதைத் தெரிந்துகொள்ளுங்கள். அம்பத்தூர், ஆவடிக்காரருக்கு ரயில் உண்டு. பூந்தமல்லிக்காரர் ராத்திரி பஸ்ஸையும் பார்க்கவேண்டும்.

ஈ) குடும்பத்தாருக்கு 'ஆல்-அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு. சகோதரிகளே, வீட்டுக்காரர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

4. ஓர் எச்சரிக்கை

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், அடையாறு இந்திரா நகரில் நடந்துவரும் டி.டி.கே. மருத்துவமனையும் இதற்குச் சிகிச்சை தருகின்றன. போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

பிற்பாடு நானே அந்தச் சகோதரரோடு ரயிலேறி ஓர் ஓப்பன் மீட்டிங்குக்குப் போனேன். கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது அவர், "அங்க யாரும் என்னைக் கேவலமா பாக்கல பாஸ்டர்" என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. அதன்பின் ஒருமுறை விழுந்தார், மறுபடியும் கூட்டத்துக்குப் போனார். இன்றும் போகிறார்.

பிரியமானவர்களே, அந்த எண்ணை உங்கள் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடை வாசலிலிருந்து யாராவது கூப்பிட்டால், ஜெபியுங்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஆமென்.