கட்டின பால் கெட்டுப்போகாது

ஏப்ரல், மே சீசனில் கொடைக்கானல் விடுதிகளில் லீவு கேட்க யாருக்கும் தைரியம் வராது. பிள்ளை பெற்று நாலைந்து மாதமே ஆனவர்களுக்கும் "எப்பம்மா வர்றே?" என்று போன் வரும். பெருமாள்மலையிலோ வில்பட்டியிலோ காலை ஏழு மணி பஸ் ஏறினால் மதியத்துக்குள் ரவிக்கை நனைந்துவிடும். சாயங்காலம் மார்பு கல்லாகக் கனக்கும். வாசலிலேயே அத்தை மறிப்பார்: "ஏத்தா, கட்டின பாலைப் பிள்ளைக்குக் குடுக்காத. கீழ பீச்சிவிட்டுட்டு வா."

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். மார்புக்குள் இருக்கும் பால் எட்டு மணி நேரமானாலும் புளிக்காது, கெடாது. நீங்கள் கீழே பீச்சுவது பிள்ளையின் சாப்பாடு. கட்டி நிற்பதில் வரும் கெடுதல் வேறு. பால் நிறைந்தே கிடந்தால், இவ்வளவு தேவையில்லை போலும் என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இறைக்கிற கிணறுதான் ஊறும். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் "பால் பத்தல" என்று பவுடர் டப்பா வாங்கப் போகிறவர்களில் பலருக்கும் குறை உடம்பில் இல்லை, ஷிஃப்டில் இருக்கிறது.

ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை, விடுதி, நிறுவனங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பொருந்தி வந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் தந்தது. அதன் பிறகும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக இன்னும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடமென்றால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை அப்படியே வைத்திருக்கிறது.

ஒரு கணக்கைப் பலர் போடுவதில்லை. அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முழுதாக எடுத்தால், பிள்ளைக்கு 18 வாரம் ஆகும்போதே லீவு தீர்ந்துவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு இடம்கொடுத்து டாக்டரும் சரியென்றால், முன் லீவைச் சுருக்கிப் பின்னால் சேருங்கள்.

இடைவேளை கிடைத்தாலும் உட்கார இடம் வேண்டுமே. நான் வேலைக்குத் திரும்பிய இடத்தில் கழிப்பறையைக் காட்டினார்கள். அங்கே யாராவது டிபன் சாப்பிடுவார்களா என்று கேட்டபிறகு ஸ்டோர் ரூம் கிடைத்தது. தாழ்ப்பாள் கிடையாது. மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் பால் எடுத்தேன். 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்களிலேயே தாய்ப்பால் ஊட்டும் அறை திறந்த மாநிலம் இது. நாற்பது அறை வைத்திருக்கும் விடுதியிடம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கேட்பது பேராசை அல்ல. மேனேஜரிடம் லீவு முடியும் முன்பே கேளுங்கள். நேரத்தைக் குறித்து, எழுத்தில் கேளுங்கள்.

பம்ப் வாங்கப் பணம் இல்லையென்றால் கையே போதும். இரண்டு வாரம் முன்பே பழகுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கட்டைவிரலை மேலும் ஆள்காட்டி விரலைக் கீழுமாக வையுங்கள். நெஞ்சை நோக்கி அழுத்தி, விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலித்தால் முறை தப்பு. தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்த, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பிடியுங்கள். 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் தாங்கும். கொடைக்கானலில் ஏப்ரல் பகல்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், மலை நமக்குத் தரும் சலுகை இது. ஆனால் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், வத்தலக்குண்டு இறங்குவதென்றால் ஐஸ் வேண்டும். ஃபிரிட்ஜில் நான்கு நாள். மேலே ஏடு பிரிந்து நிற்பதைப் பார்த்துத் திரிந்துவிட்டதென்று கொட்டிவிட வேண்டாம், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீர்க் கிண்ணத்தில் இறக்கிவைத்து, சங்கிலோ பாலாடையிலோ புகட்டச் சொல்லுங்கள். பாட்டிலுக்குப் பழகிய பிள்ளை சிலசமயம் மார்பை மறுக்கும்.

மலைக்கென்றே இன்னொரு பேச்சு உண்டு: பனியில் வந்த உடம்போடு கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். வெளியே எட்டு டிகிரியானாலும் பால் உடம்புச் சூட்டில்தான் வரும். உங்களுக்கே சளி, காய்ச்சல் என்றாலும் கொடுக்கலாம். நோயை எதிர்க்கும் சத்தும் அதே பாலில் போகிறது. கையைக் கழுவி, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மார்பு சிவந்து, கட்டி வலித்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

பூண்டு? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துத் தராத வீடு இங்கே குறைவு. தாய் பூண்டு தின்றால் பாலில் அதன் வாசம் ஏறுகிறது, பிள்ளை கூடுதல் நேரம் மார்பில் இருக்கிறது என்று 1991-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. பூண்டே பாலைச் சுரக்கவைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. பிடித்தால் சாப்பிடுங்கள். பால் போதுகிறதா என்று அறிய, கொடியில் காயும் துணியை எண்ணுங்கள். முதல் வாரம் கழிந்தபின் நாளைக்கு ஆறு முறையாவது ஒன்றுக்குப் போய், எடையும் ஏறினால் போதுகிறது. ஏறவில்லையென்றால் தைராய்டு போன்ற காரணமும் இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு, கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கு மேற்சொன்ன இடைவேளை எதுவும் நடைமுறையில் கிடையாது. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிட வேண்டும். காட்டோரத் தூளியில் பிள்ளை கிடந்தால் நேரத்துக்குப் போய்க் கொடுத்துவிடலாம். மருந்தடித்த நாளில் மட்டும் கையும் மாரும் சோப்பால் கழுவி, சேலை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். மாற்றுச் சேலையை மருந்து டப்பா இருக்கும் பையில் வைக்காதீர்கள்.