ஊர்தியும் உரிமையாளரும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெஸ்லா கார் நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க், அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் ஆலோசகராகி, அரசுச் செலவுக் குறைப்பில் முன்னின்றார். சினமுற்றோர் பலர் டெஸ்லா விற்பனை நிலையங்களின் முன் கூடி, அக்காரை வாங்க வேண்டா என முழங்கினர். இஃது அறவழிப்பட்டதே, வாங்க மறுப்பது எவர்க்கும் உள்ள உரிமை. வேறு சிலரோ, தெருவோரம் நின்ற பிறர் கார்களைக் கீறினர், சாயம் பூசினர். இங்குதான் நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும்.

அக்காரின் விலை நிறுவனத்தைச் சென்றடைந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கலாம். அதனைக் கீறுவதால் மஸ்க்குக்கு நேரும் இழப்பு யாது? பழுதுபார்க்க உரிமையாளர் அதே நிறுவனத்தையே நாட நேரிடும் என்பது வேடிக்கை! காற்று மாசு குறையட்டும் என்று மின்காரை வாங்கியோர் அவருள் பலர். அவரது அரசியல் தமக்கு உடன்பாடன்று எனக் காரில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டோரும் உண்டு. தம் கருத்தை எழுதி ஒட்டினாலன்றித் தெருவில் காரை நிறுத்த இயலாது என்பது எவ்வகை நீதி?

இத்தகைய சினம் பொருளோடு நின்றுவிடுவதுமில்லை. 2012 செப்டம்பரில், தீவுகள் பற்றிய பூசலால் சீனாவில் ஜப்பானிய எதிர்ப்பு மூண்டபோது, சியான் நகரில் டொயோட்டா காரில் சென்ற சீனர் ஒருவரின் மண்டை இரும்புப் பூட்டால் உடைக்கப்பட்டது. அவர் உடலின் ஒரு பாகம் செயலிழந்தது. தாக்கியவரும் சீனரே, அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.