பெடல் கீழே போனால்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆம்னியின் பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது, இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்கிறது என்று நீ அப்படியே ஓட்டுவதாக அக்கா சொன்னாள். விடியற்காலையில் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து இட்லிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா, செம்பூர் என்று போகிறவன் நீ. அந்த வண்டியில் உன் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகரம்தான். காரணம் தெரியும்வரை அதை எடுக்காதே.

இரண்டு மிதியில் பிடிக்கிறது என்பது ஆறுதல் இல்லை, துப்பு. நின்ற இடத்தில், என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பலமுறை மிதி. மிதிக்க மிதிக்க மேலே ஏறி இறுகினால் லைனில் காற்று புகுந்திருக்கும், அல்லது பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். இறுகிய பெடலைக் காலால் அழுத்தியபடியே அரை நிமிடம் வைத்துப் பார். மெல்ல மெல்ல அமிழ்ந்தால் எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போயிருக்கும். வெளியில் ஒரு சொட்டும் காட்டாமல் ஏமாற்றுவது அதுதான். அழுத்தியபடி என்ஜினைப் போடும்போது பெடல் ஒருமுறை லேசாக இறங்கும். அது பூஸ்டரின் வேலை, கோளாறு என்று நினைத்துவிடாதே.

நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும், பெடலுக்கு அடியில் மிதியடியையும் டார்ச் அடித்துப் பார். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, மிதிக்கும்போது உப்புகிறதா என்றும் பார். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாகிவிடாதே. மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 மட்டுமே ஊற்று. அவசரத்துக்கு என்ஜின் ஆயில் விட்டால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பம்பாய் மழைக்காலத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புது டாட் 3 கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறியது 140-லேயே கொதித்துவிடலாம். லோனாவாலாவில் கல்யாண ஆர்டர் முடித்துக் கண்டாலா மலைப்பாதையில் இறங்கும்போது அந்த ஆவியே பெடலைத் தரைக்கு இறக்கிவிடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்று. கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் அது வேறு சங்கதி: ஷூ நனைந்திருக்கிறது. மெதுவாக ஓட்டி, லேசாக மிதித்துக் காயவை.

லைனில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கும்படி மெக்கானிக்கிடம் சொல், ஆயில் டப்பா வற்றாமல் நீயே நின்று பார்த்துக்கொள். பழைய சாமான் வாங்கக் குர்லா போகிறவன்தான் நீ, ஆனால் வீல் சிலிண்டரும் மாஸ்டர் கிட்டும் புதிதாகவே வாங்கு.

ஓடும்போதே பெடல் போய்விட்டால் கியரைக் குறை, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. அது கேபிளில் வேலை செய்வது, ஆயிலை நம்பியிருப்பதில்லை. அதையும் இப்போதே சோதித்து வை.

வேலை முடியும்வரை சரக்குக்கு வாடகை டெம்போ பேசு. பணம் நான் அனுப்புகிறேன். மெக்கானிக் என்ன சொன்னார் என்று இன்று இரவே போன் பண்ணு.

உன் மாமா