நிரல்களின் பதிப்பெண்ணும் அவற்றின் இருப்பிடமும்

ஒரே நிரலைக் கொண்டு இரு நிலையத்தார் மழையளவைக் கணக்கிட, விடைகள் மாறுபடுமாயின், இருவரிடமும் உள்ளது ஒரே பதிப்புதானா என்று முதற்கண் வினவல் வேண்டும். ‘புதியது’, ‘கடைசித் திருத்தம்’ என்னும் பெயர்கள் இவ்வினாவுக்கு விடை தரமாட்டா. பதிப்பெண் இதன்பொருட்டே ஏற்பட்டது.

5.2.1 போன்ற எண்ணில், இறுதி எண் பிழைதிருத்தத்தையும், நடு எண் பழைய பயன்பாட்டைக் குலைக்காத புது வசதியையும், முதலெண் பழையதோடு பொருந்தாத மாற்றத்தையும் குறித்தல் பெருவழக்கு. எனினும் எல்லோரும் இதனைக் கைக்கொள்வதில்லை. லினக்ஸின் கருநிரல் 2011-இல் 2.6.39-இலிருந்து 3.0 ஆனபோது, பொருந்தாமை எதுவும் நேர்ந்திலது. எண் நீண்டுவிட்டது, அவ்வளவே! டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலின் எண்ணோ பை என்னும் மதிப்பை நோக்கி இலக்கம் இலக்கமாக வளர்கிறது. 2021-இல் அது 3.141592653 ஆயிற்று.

ஆகவே பதிப்பெண் மனிதர் இட்ட பெயரேயாம். அதனை வேறொரு திருத்தத்தின்மேல் மாற்றி ஒட்டவும் இயலும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இயற்றிய கிட் முறையிலோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் உள்ளடக்கத்தினின்றே கணித்த அடையாளம் உண்டு. அது பொதுவாக 40 குறிகள் கொண்டது. நிரலில் ஒரு புள்ளி மாறினும் அடையாளம் முற்றிலும் வேறாகும். அறிக்கையில் பதிப்பெண்ணுடன் இதனையும் குறித்தல் வேண்டும்.

நிரற்களஞ்சியத்தைத் தாங்கும் வலைத்தளமும் நிலையானதன்று. 2006-இல் தொடங்கிய கூகுள் கோடு 2016-இல் மூடப்பட்டது. நல்லவேளையாக, கிட் களஞ்சியத்தை முழுமையாகப் படியெடுப்பின் பழைய திருத்தங்கள் யாவும் உடன்வரும். அத்தகைய படியொன்றை நிலையத்துக் கணினியிலேயே வைத்து, அறிக்கையிற் குறித்த பதிப்பு அதனின்று எடுத்து இயக்கத்தக்கதாக உள்ளதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுக.